பார்க்க வந்த கார்கள்

ஆட்டோமேட்டிக் கார் என்றால் தானாக ஓடுகிற கார் என்று நம்மில் படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது என்பதையும், இதனால் பல குடும்பங்களில் வீண் வாக்குவாதங்கள் நேர்ந்திருக்கின்றன என்பதையும், கதையைத் தொடங்கும் முன்பே வருத்தத்துடன் பதிவு செய்யவேண்டியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் தானாக ஓடாது. தானாகத் திரும்பாது. சிவப்பு விளக்கில் தானாக நிற்காது. மச்சினன் வீட்டுக்கு வழியும் அதற்குத் தெரியாது. கியர் மாற்றும் ஒரே ஒரு வேலையை மட்டும் அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதனால் இடது காலுக்கு எதிரே இருக்கவேண்டிய கிளச் பெடல் அதில் இருக்காது. அவ்வளவுதான். வைகாசி மாதம் இரண்டாம் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, சேலம் செவ்வந்தி நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில், டாக்டர் குணவதியின் வீட்டு வாசலுக்கு ஓட்டுபவர் யாரும் இல்லாமல் தன்னந்தனியாக வந்து நின்ற கார், ஐந்து கியரும் கிளச்சும் உள்ள சாதாரணக் கார்.

எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் வையாபுரிதான் அதை முதலில் பார்த்தார். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு போய்க் குரல் கொடுத்தார்.

"டாக்டரம்மா, உங்களப் பாக்க வந்திருக்காங்க."

"யாரு?"

"ஆளுன்னு யாருமில்லீங்க. காரு மட்டுந்தான்."

குணவதி காப்பி டம்ளரோடு வெளியே வந்தார். வெள்ளைக் கார், இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அது மடக்கியிருந்த இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் விரித்தது, முன்விளக்கை ஒருமுறை ஏற்றி இறக்கியது, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருவரை அளந்து பார்ப்பவர்போல ஐந்து நிமிடம் அங்கேயே நின்றது, பிறகு ஒரே ஒரு தடவை சுருக்கமாக ஹாரன் அடித்துவிட்டு, முறையாக இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஜன்னல் வழியாகக் குணவதி அதற்குள் எட்டிப் பார்த்திருந்தார். மூன்று பெடல்கள். இது நமக்கு ஆகாதே என்று நினைத்துக்கொண்டு, மீதிக் காப்பியைக் குடிக்க உள்ளே போனார்.

குணவதிக்கு வயது ஐம்பத்து நான்கு. மயக்க மருந்து டாக்டர். அறுவை சிகிச்சை செய்பவரின் பெயரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். தூங்கவைத்துத் திரும்ப எழுப்பியவரின் பெயர் எழுந்தவருக்கே தெரியாது. இதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. சேலத்துக்குள் ஐந்து நர்சிங் ஹோம்கள், வியாழக்கிழமைதோறும் தொப்பூர் கணவாய்க்கு அந்தப் பக்கம் நல்லம்பள்ளியில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை, இவற்றுக்கிடையில் எந்த நேரமும் வரக்கூடிய போன் அழைப்புகள், இதுதான் அவர் வாழ்க்கை. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது காலைச் சற்றே மெலிய வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் காலாலேயே இருபத்திரண்டு வருடம் கிளச் மிதித்துப் பிடிவாதமாகக் கார் ஓட்டினார். போன தை மாதம் ஐந்து ரோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில், முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கி நிற்கையில், கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. கார் அணைந்து பின்னால் உருண்டது. பின்னால் நின்ற பஸ்காரர் நல்ல மனிதர்; திட்டிக்கொண்டே இறங்கிவந்து, பார்த்துவிட்டு, திட்டுவதை நிறுத்தினார்.

அன்றிலிருந்து வாடகைக் கார்தான். அவசரத்துக்கு வாடகைக் கார் வருவதும் வராமலிருப்பதும் நம் கையில் இல்லை. ஐந்து நர்சிங் ஹோம்களில் மூன்று, புல்லட்டில் வரும் ஓர் இளைஞரைக் கூப்பிடத் தொடங்கின. நான்காவதின் சர்ஜன், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் டாக்டர் என்று மிகுந்த அன்போடு சொன்னார்; அந்த அன்பு அவருக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது. நல்லம்பள்ளி டாக்டர் நசீமா பானு மட்டும் நேராகப் பேசினார்: ஆனி மாதக் கடைசிவரை காத்திருக்கிறேன் அக்கா, அதற்குள் உங்களுக்கென்று ஒரு வண்டி ஆகாவிட்டால் நான் வேறு ஆள் பார்த்தாகவேண்டும். குணவதிக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை.

ஆகவே அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆட்டோமேட்டிக்கில் நான்கு வகை உண்டு என்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும் ஒரு குறையும் உண்டு என்பதும் இரண்டு வாரத்தில் அவருக்கு விளங்கியது. ஒரு வகை கியர் மாற்றும்போதெல்லாம் தலையை லேசாக முன்னே தள்ளி இழுக்கும், ஆனால் எளிமையானது, எந்த ஊர் மெக்கானிக்கும் தைரியமாகக் கை வைப்பார். இன்னொன்று ரப்பரை இழுத்தாற்போல வழுவழுவென்று போகும், ஏற்றத்தில் மட்டும் முனகும். மூன்றாவது உறுதியானது, பெட்ரோலைக் குடிப்பதிலும் உறுதியானது. நான்காவது நெடுஞ்சாலையில் பறக்கும், நெரிசலில் சூடாகிக் கோபித்துக்கொள்ளும். ஊருக்குள் நல்லதாக இருப்பது கணவாயில் நல்லதாக இருக்கவேண்டும், கணவாயில் நல்லதாக இருப்பது ஐந்து ரோட்டிலும் நல்லதாக இருக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பவேண்டும். இதை யாரிடமாவது கேட்கலாம் என்று, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக நான்கே வரி எழுதி, அந்த முதல் கார் வந்து நின்றதற்கு முந்தின நாள், நலச்சங்கச் செயலாளர் தனபாலிடம் கொடுத்தார். குழுவில் அவர் மட்டும்தான் செய்தி போடமுடியும். காலை வணக்கப் படங்களைத் தாங்கமுடியாமல் குணவதி அந்தக் குழுவைத் திறந்து பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தனபால் ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். ஆளில்லாமல் வந்த காரைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, அவர் சட்டப் புத்தகத்தை ஒரு பகல் முழுக்கப் புரட்டிவிட்டு, வண்டி ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஓட்டுபவரே இல்லாத இடத்தில் லைசென்ஸ் என்ற கேள்விக்கே இடமில்லை, மேலும் அந்த வண்டி இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது, இந்த ஊரில் அப்படித் திரும்பிய ஓட்டுநரைத் தன் முப்பத்தோரு வருடப் பணியில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். தெரு அதோடு திருப்தியடைந்தது. அடுத்த நாள் காலை சிவப்பாக ஒன்று வந்தது. அதற்கடுத்த நாள் உயரமாக ஒன்று. வந்தது, நின்றது, பார்த்தது, ஒரு ஹாரன் அடித்தது, போனது.

நான்காம் நாள் தனபாலின் மனைவி ராஜாமணி தெருவின் நிலைமையைத் தெளிவுபடுத்தினார். காலையில் வருகிறது, வாசலில் நிற்கிறது, ஏற இறங்கப் பார்க்கிறது, எதுவும் சொல்லாமல் போகிறது என்றால் இது என்ன? பெண் பார்க்க வருவதுதான். பெண் பார்க்க வருபவர்களை வெறும் வாசலில் நிறுத்தி அனுப்புவது எந்த ஊர் வழக்கம்? மறுநாளிலிருந்து குணவதியின் வாசலில் பெரிய கோலம் விழுந்தது. கேசரியும் பஜ்ஜியும் தயாராயின. கார்கள் அவற்றைத் தொடுவதில்லை என்பதால், அவற்றுக்கு முன்கண்ணாடி கழுவ ஒரு குடம் தண்ணீர் என்றும், பஜ்ஜி பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்றும் முடிவாயிற்று. வந்த காரின் எண்ணை வைத்து ராசி பார்க்க ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் விசாரிக்க வந்து, இரண்டு பஜ்ஜி சாப்பிட்டு, காரமாக இருக்கிறது என்று குறிப்பிட்டுவிட்டுப் போனார். ஷோரூம்காரர்கள் தங்கள் வண்டியைத் தேடிக்கொண்டு வந்து பார்த்து, பார்த்து முடிக்கட்டும் என்று ஓரமாக நின்றார்கள். கார் கடைசியில் அடிக்கும் அந்த ஒற்றை ஹாரனுக்கு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று பொருள் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

ராஜாமணிக்கு இந்த வேலையில் கை தேர்ந்த அனுபவம் உண்டு. அவர் மகள் தேன்மொழியை மூன்று வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேன்மொழிக்குக் கண்ணில் பவர் அதிகம், கண்ணாடி தடிமன். யாராவது பார்க்க வரும் நாளில் ராஜாமணி அந்தக் கண்ணாடியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுவார். சித்திரையில் வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் தேன்மொழி சூடான காப்பியை வைத்தாள். அவள் கணக்கில் அங்கே ஸ்டூல் இருந்தது.

அந்த அனுபவத்தின் பலத்தில்தான் ராஜாமணி ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து குணவதியின் கேட்டுக்கு உள்ளே போட்டு, காலை ஆறே முக்காலுக்கே உட்கார்ந்துவிடுங்கள் டாக்டரம்மா, அவர்கள் போகிறவரை எழுந்திருக்காதீர்கள் என்றார்.

குணவதி அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வயதிலிருந்து முப்பத்தொன்றுவரை அவரைப் பதினோரு குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தன. மற்றப் பெண்கள் காப்பித் தட்டோடு நடந்துவருவார்கள். அவரை மட்டும் பெரியம்மா முன்கூட்டியே நாற்காலியில் உட்காரவைத்து, புடவையை விசிறிபோல விரித்துவிட்டு, காப்பியைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிடுவார். வந்தவர்களே எடுத்துக் குடிக்கவேண்டும். பத்து வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை. ஒரு வீட்டிலிருந்து வந்தது. அது அவருடைய தங்கையைப் பற்றி விசாரித்திருந்தது. அதன்பிறகு அவர் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டார். ஆட்களைத் தூங்கவைப்பதில் அவருக்கு ஆர்வம் வந்தது எப்போதிலிருந்து என்று யாரும் கேட்டதில்லை.

அவர் உட்கார்ந்தார். எதிர்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிட உட்காருவதற்கு ஆகும் நேரம் குறைவு. நாளிதழைப் பிரித்துவைத்துக்கொண்டு, கார்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவரை படித்தார்.

வைகாசி முடிந்து ஆனி பிறந்தது. இருபத்திரண்டு கார்கள் வந்துபோயிருந்தன. புதியவை, பழையவை, கூரையில் ஜன்னல் வைத்தவை, ஆத்தூரிலிருந்து உரிமையாளருக்குத் தெரியாமல் வந்து மதியத்துக்குள் வீடு திரும்பிவிட்ட ஒரு கார், மாலை போட்டபடியே வந்த ஒரு கல்யாணக் கார். ஒன்றுகூட மறுமுறை வரவில்லை. குணவதி கேட்டுக்கொண்டபடி, ஒவ்வொன்றிலும் வையாபுரி ஜன்னல் வழியாகக் குனிந்து எண்ணிச் சொன்னார்: மூன்று பெடல், மூன்று பெடல், மூன்று பெடல். மயக்க மருந்துக்காரர்கள் அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வருவதில்லை. இருபத்து மூன்றாவது நாள், அது ஒரு வியாழக்கிழமை, பெரிய முகூர்த்த நாளும்கூட, பளபளவென்று கறுப்பாக ஒரு பெரிய கார் வாசலில் நிற்க, தெருவில் மிச்சமிருந்தவர்கள் பஜ்ஜியோடு சூழ்ந்திருக்க, அவர் நாற்காலியில் இருந்தபடியே தனபாலிடம் கேட்டார்.

"சார், நான் எழுதிக் குடுத்தத அப்படியேதானே போட்டீங்க?"

தனபால் மனைவியைப் பார்த்தார். மனைவி பஜ்ஜித் தட்டைப் பார்த்தார். பிறகு தனபால் போனை எடுத்து நீட்டினார். குணவதி எழுதியிருந்தது இது: நகரத்துக்குள் தினமும், நெடுஞ்சாலையில் வாரம் ஒருமுறையும் ஓட்ட, நம்பகமான ஆட்டோமேட்டிக் கார் தேவை, எனக்கு இடது கால் பலமில்லை. குழுவில் போயிருந்தது இது: நம் தெரு டாக்டரம்மாவுக்கு நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்ட நல்ல கார் தேவை, டாக்டரம்மா பழக இனிமையானவர், சொந்த வீடு, பொறுப்பு ஏதும் இல்லை.

"கால் சமாச்சாரம் எதுக்குன்னு நான்தான் எடுத்துட்டேனுங்க டாக்டரம்மா," என்றார் ராஜாமணி. "ஆட்டோமேட்டிக்னு போட்டா, ஏன் ஆட்டோமேட்டிக்னு ஒரு கேள்வி வரும். அதையும் எடுத்துட்டேன். குறைய வாசல்லயே வச்சா, யாரு படி ஏறுவாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. குணவதிக்கும் அது தெரியும்.

"பதினோரு பேருக்கு முன்னாடி மறைச்சுத்தான் வச்சிருந்தாங்க, ராஜாமணி," என்றார். "ஒருத்தர்கூட ஏறலியே."

அப்போது குணவதியின் போன் அடித்தது. நல்லம்பள்ளியிலிருந்து நசீமா பானு. தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே திரும்பிக் கிடக்கிறது, அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை, தர்மபுரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை.

"அக்கா, ஒன்றரை மணி நேரம் பொறுக்கலாம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது."

அன்றைய வழக்கமான நல்லம்பள்ளிப் பயணத்துக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்த வாடகைக் காருக்குக் குணவதி போன் போட்டார். முகூர்த்த நாளம்மா, எல்லா வண்டியும் மண்டபத்தில் நிற்கிறது, முக்கால் மணி ஆகும் என்றார்கள். தெருவில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தனபாலிடம் இருந்தது மொபெட். வாசலில் நின்ற கறுப்புக் காரில் மூன்று பெடல்; தனபால் இழுத்துப் பார்த்தும் அதன் கதவு திறக்கவில்லை.

அவர் எழுந்தார். ராஜாமணியின் கை அவரை உட்காரவைக்க நீண்டது. நீண்ட கையில் நாளிதழைக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, கறுப்புக் காரின் முன்விளக்குகளுக்கு நேர் எதிரே, தெருவின் நட்டநடுவில், மெயின் ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். வேகமாக நடக்கும்போது அவர் கால் இன்னும் அதிகமாக இழுக்கும். இடது தோள் ஒவ்வொரு எட்டுக்கும் இறங்கி ஏறும். செருப்பு தரையில் தேய்கிற சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். அவர் வேகமாக நடந்தார். பதினாறு வருடமாக அந்தத் தெருவில் குடியிருந்தும், வாசலிலிருந்து காருக்கும் காரிலிருந்து வாசலுக்கும் போவதைத் தவிர அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. கறுப்புக் கார் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் பின்னோக்கிப் போனது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் நிழலில் ஒரு சாம்பல் நிறச் சின்னக் கார் நின்றுகொண்டிருந்தது. ஒன்பது வருடப் பழையது, பின்கதவில் ஒரு நசுங்கல். அது கார்கள் வரத் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறது என்று வையாபுரி பிற்பாடு சொன்னார். ஐந்தாம் நாள் அது தெருவுக்குள் நுழைந்ததாம். வேகத்தடை ஏறி இறங்கும்போது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகையில் அதற்கு ஒரு சின்னத் தயக்கம், ஒரு தலையசைப்பு. அதைப் பார்த்த ராஜாமணி, நொண்டுது பாரு, இது நமக்கு ஒத்துவராது என்று முறத்தைக் காட்டி விரட்டியிருக்கிறார். அது தெருமுனைவரை போய் நின்றுகொண்டது. வாசலுக்கு வராததால் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குணவதி பக்கத்தில் வந்தபோது அது கண்ணாடியை விரிக்கவில்லை, விளக்கை ஏற்றி இறக்கவில்லை. கதவு திறந்தது. அவர் குனிந்து எண்ணினார். இரண்டு.

தொடக்கத்தில் சொன்னதை இந்த இடத்தில் யாரும் மறந்துவிடக் கூடாது. ஆட்டோமேட்டிக் கார் தானாக ஓடாது, குணவதிதான் ஓட்டினார். ஐந்து ரோட்டில் முகூர்த்தக் கூட்டம் ஊர்ந்தது, கார் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது, நாற்பது தடவை நின்று நாற்பது தடவை கிளம்பியும் சூடாகவில்லை. ஓமலூர் தாண்டியதும் சாலை அகன்றது, கார் நீண்டது. கியர் மாறும்போதெல்லாம் அது தலையை லேசாக முன்னே சாய்த்து நிமிர்த்தியது. அவர் நடக்கும்போது தோள் இறங்கி ஏறுகிற அதே அளவு, அதே இடைவெளி. தீவட்டிப்பட்டி வருவதற்குள் அவர் அதற்கேற்ப மிதியைத் தளர்த்தி அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டார், அதன்பிறகு அந்த அசைவு தெரியவில்லை. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இரண்டு லாரிகளைத் தாண்டினார். இடது கால் ஓரமாக நீட்டி, அவரே ஓட்டும் காரில் முதல்முறையாகப் பயணியாக வந்தது. நல்லம்பள்ளி வரும்போது அது தூங்கிவிட்டிருந்தது. ஐம்பத்தெட்டு நிமிடம். முதுகில் ஊசி போட்டபோது அந்தப் பெண், நீங்கள்தான் மயக்க டாக்டரா, ஏன் நொண்டுகிறீர்கள் என்று கேட்டாள். சின்ன வயதில் வந்தது என்று குணவதி சொன்னார். வலிக்குமா என்று அவள் கேட்டாள். இப்போது உனக்குக் கால் தெரிகிறதா என்று குணவதி திருப்பிக் கேட்டார். தெரியவில்லை என்றாள். ஆண் குழந்தை, மூன்றே கால் கிலோ, உடனே அழுதது.

சாயங்காலம் அவர் திரும்பியபோது தெருவே அவர் வீட்டு வாசலில் கூடி நின்றது. பஜ்ஜி இல்லை. தனபால் காரைச் சுற்றிவந்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, டயரைத் தட்டி, கீழே படுத்துப் பார்த்து எழுந்து, ஹாரன் மட்டும் பலவீனமாக இருக்கிறது என்றார். அது சீலநாயக்கன்பட்டியில் ஒரு பழைய கார் விற்பனையாளருடையது என்பதும், ஏறக்குறைய மூன்று வாரமாகக் காணவில்லை என்றாலும் யாரும் கேட்டு வராததால் அவர் தேடவில்லை என்பதும் தெரிந்தது; காகிதங்கள் பெயர் மாறின. பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைக்கிற வண்டி, கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்புகிற வண்டி, நல்ல தேர்வு என்று, எது தேர்வு செய்தது என்ற விவாதத்துக்குள் போகாமல், தனபால் குழுவில் ஒரு செய்தி போட்டார். அதில் ஆட்டோமேட்டிக் என்ற சொல்லும் இடது கால் என்ற சொல்லும் இருந்தன. மறுநாளிலிருந்து கார் எதுவும் பார்க்க வரவில்லை. நல்லம்பள்ளி வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. அன்போடு பேசிய சர்ஜன் இரண்டு தடவை கூப்பிட்டார், ஒரு தடவை குணவதி போனார். பிரம்பு நாற்காலியை வையாபுரி கேட்டு வாங்கி வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டார்.

ஆவணியில் தேன்மொழியைப் பார்க்க ஈரோட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ராஜாமணி அன்று காலை அரிசி டப்பாவைத் திறக்கவில்லை. தேன்மொழி தடிமனான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டோடு வந்தாள். காப்பி யார் மடியிலும் கொட்டவில்லை.